பஸ் கூரையில் வந்தவள்

திருடனைத் தேடி ஓடியிருக்கிறோம். காணாமல் போன லாரியைத் தேடி ஓடியிருக்கிறோம். ஓசூர் பாத்திரக்கடைக்காரரின் மனைவி அழுத அழுகைக்காக ஒரு கிளியைக்கூடத் தேடியிருக்கிறோம். ஆனால் ஒரே ஒரு சொல்லைத் தேடி நானும் சிங்கராயர் சாரும் லாம்பி ஸ்கூட்டரில் பல் கிடுகிடுக்கப் போனது எண்பத்தாறாம் வருஷத்து மார்கழியில்தான்.

நான் லால் பாஷா. மூக்கண்டப்பள்ளியில் சைக்கிள் கடை மாடியில் இருக்கும் சிங்கராயர் துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளன். டீ வாங்குவது, ஸ்கூட்டரைத் தள்ளுவது, சார் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது, இந்த மூன்றும் என் வேலை. மூன்றாவது மட்டும் இன்றுவரை எனக்குக் கைவரவில்லை.

எங்களைக் கூப்பிட்டவர் கிருஷ்ணகிரியில் அனாதைப் பிள்ளைகள் இல்லம் நடத்தும் சிஸ்டர் அருள்செல்வி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலைச் சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை ஆயா இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தட்டும் கையுமாகக் கூடத்துக்குள் பாய்ந்தன.

"நீங்க சொன்ன பிள்ளை எங்க, சிஸ்டர்?" என்றார் சார்.

"மேல பாருங்க."

கூடத்து மூலையில் ஒரு மர பீரோ. அதன் உச்சியில் நாலு வயசுப் பெண் பிள்ளை ஒன்று முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாரோ தானம் கொடுத்த கவுன், அதற்குள் இன்னொரு பிள்ளையும் குடியிருக்கலாம். ஒரு கையால் தன் வாயைத் தானே பொத்தியிருந்தது.

"மணி அடிச்சா மத்ததெல்லாம் சோத்துக்கு ஓடி வருது. இது மட்டும் எங்கியாவது ஏறிக்குது சார். நேத்து தண்ணித் தொட்டி மேல. நாங்களா தூக்கி இறக்கற வரைக்கும் மூச்சு விடறதில்ல."

"ஈ.பி. லைன்மேன் மகளா இருக்கும், சிஸ்டர்," என்றேன்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. அந்த முகத்தில் தூக்கம் இல்லாத வாட்டம் தெரிந்தது. சார் என்னைப் பார்த்தார். நான் என் மூன்றாவது வேலையைச் செய்ய ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். பெங்களூரிலிருந்து வந்த பஸ் ஒன்று கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றதும், முட்டைக்கோஸ் மூட்டையை இறக்கச் சுமைகூலிக்காரர் கூரை மேல் ஏறினார். மூட்டைகளுக்கு நடுவே இந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. எந்த ஊரில் ஏறியது, யார் ஏற்றியது, டிரைவருக்கும் தெரியாது, கண்டக்டருக்கும் தெரியாது. பயத்தில் பிள்ளைக்குப் பேச்சு ஒடுங்கிவிட்டது. ஒரே ஒரு சொல்தான் வருகிறது.

"அவ்வா," என்றார் சிஸ்டர். "என்ன கேட்டாலும் அவ்வா. தூக்கத்துல அழுதாலும் அவ்வா."

அதே நேரத்தில் ஊரில் ஒரு வதந்தி. பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்கிறதாம், பொடி போட்டு மயக்குகிறதாம். அது போதாதா? பஸ் ஸ்டாண்டில் ஒரு கிழவி குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்தால்கூட நாலு பேர் முறைத்துப் பார்த்தார்கள். இந்த நேரம் பார்த்து முந்தின நாள் ஒரு பொம்பளை வந்து, "அது நம்ம பிள்ளை, கொடுங்க" என்று இல்லத்து வாசலில் நின்றிருக்கிறாள். சப்-இன்ஸ்பெக்டர் கங்கப்பன் அவளை உள்ளே விடாமல் நேராக ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்.

"அந்தம்மா அழுததைப் பாத்தா எனக்குப் பொய்யாத் தெரியல சார்," என்றார் சிஸ்டர். "ஆனா என் மனசு சொல்றதை வெச்சு ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துட முடியுமா? தப்பான கையில போயிட்டா?"

வாசலில் ஜீப் சத்தம். கங்கப்பன் இறங்கி உள்ளே வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் உறுதியாக இருப்பவர். ஜீப்பின் பின்னால் பெண் போலீஸ் ஒருத்திக்குப் பக்கத்தில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தி இருந்தாள். கருத்த ஒல்லி உடம்பு, எண்ணெய் காணாத தலை. பெயர் நஞ்சம்மா என்றார்கள்.

"வாங்க சிங்கராயரே. சிஸ்டர் உங்களையும் இழுத்துட்டாங்களா? இதுல துப்பறிய ஒண்ணுமில்ல. பிள்ளை பேரு செல்லி, என் மகனோட மகள்ங்கறா. வீடு எங்கன்னா மூக்கண்டப்பள்ளி, தண்ணி டேங்க் பக்கம் லைன் வீடு, பிள்ளை அங்கியே பொறந்து வளந்ததுங்கறா. ஆளை அனுப்பி விசாரிச்சாச்சு. லைன் வீட்டுல ஒருத்தருக்கும் இவளைத் தெரியல. பிள்ளையோட ஆத்தா செத்துட்டாளாம். அப்பன் எங்கன்னா வாயே திறக்க மாட்டேங்கறா."

"பிள்ளை இவளைப் பாத்துச்சா?"

"தூரத்துல இருந்துதான். கிட்ட விட்டா மயக்கிடுவா. இன்னொண்ணு கேளுங்க. இவ வீட்டுல பேசறது கன்னடம். எங்க வீட்டுலயும் கன்னடம்தான். கன்னடத்துல அவ்வான்னா அம்மா. பாட்டின்னா அஜ்ஜி. பாட்டியைத் தேடற பிள்ளை அஜ்ஜின்னு அழணும். இது அவ்வான்னு அழுவுது. அப்ப இவ எப்படிப் பாட்டியாவா?"

சிஸ்டர் இறக்கிவிட்ட பிள்ளை அதற்குள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தது. "அவ்வா! அவ்வா!" என்று கத்தியது.

ஜீப்பிலிருந்து நஞ்சம்மா எழுந்தாள். "கண்ணு! இங்கதான் இருக்கிறேன் கண்ணு!" பெண் போலீஸ் அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"பாத்தீங்களா சார்?" என்றார் சிஸ்டர்.

"ஆயாவையும் அவ்வான்னுதான் கூப்புடுது, பால்காரியையும் அப்படித்தான்," என்றார் கங்கப்பன்.

"உள்ள வந்ததும் என்னையும் கூப்புட்டுச்சு," என்றேன். "இவ்ளோ பெரிய மீசையைப் பாத்தும்."

கங்கப்பன் தொப்பியைச் சரிசெய்தார். சாயங்காலம் நஞ்சம்மாவைக் கோர்ட்டில் ஒப்படைக்கப் போகிறார். பிள்ளையை மறுநாள் மெட்ராஸுக்கு அரசாங்க இல்லத்துக்கு அனுப்புகிறார்கள். பேச்சு வராத பிள்ளை மெட்ராஸ் போனால் கடலில் கரைத்த பெருங்காயம்தான், பிறகு யார் வந்து தேடினாலும் கிடைக்காது. சிஸ்டர் அதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது.

"சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுங்க கங்கப்பன்," என்றார் சார். "பஸ் பெங்களூர்ல கிளம்பி, ஓசூர்ல நின்னு, சூளகிரியில நின்னு இங்க வந்திருக்கு. வழியெல்லாம் மூணு பாஷை. அந்தச் சொல் எந்த ஸ்டாப்புல ஏறுச்சுன்னு பாத்துட்டு வர்றேன்."

சூளகிரியில் டீக்கடைக்காரர் தெலுங்குக்காரர். கண்ணாடி டம்ளரை வெந்நீரில் அலசிக்கொண்டே பதில் சொன்னார்.

"அவ்வான்னா பாட்டி சார். எங்க அவ்வாவுக்குத் தொண்ணூறு வயசு. இன்னும் என்னை நாள் தவறாம வையுது."

"அம்மா இல்லையா?"

"அம்மா எப்படி சார் அவ்வாவாகும்? அம்மா அம்மாதான்!"

வெளியே வந்ததும் சொன்னேன். "நஞ்சம்மா தெலுங்கு பேசியிருந்தா இந்நேரம் பேத்தியோட வீட்டுக்குப் போயிருப்பா. பாஷை மாத்திப் பொறந்ததுதான் தப்பு."

சார் அதற்குள் லாம்பியில் ஏறியிருந்தார்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் கன்னடக்காரப் பெண்கள் இருவர். ஒருத்தி அவ்வா என்றால் அம்மாதான் என்று கங்கப்பன் கட்சி பேசினாள். இன்னொருத்தி, தன் புருஷன் ஊரில் வயசான பொம்பளை யாரானாலும் அவ்வாதான், மாமியாரைக்கூடத் தான் அப்படித்தான் கூப்பிடுவதாகச் சொன்னாள். முதலில் பேசியவள், அதெல்லாம் ஒரு கன்னடமா என்றாள். நாங்கள் நகர்ந்த பிறகும் அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

பழக்கடை குலாம் முகம்மது என் தாய்மாமன் முறை. அவரையும் கேட்டு வைத்தோம்.

"ஹவ்வாவைக் கேக்கறியா? ஆதம் நபியோட சம்சாரம். உலகத்துல உள்ள அத்தனை பேருக்கும் தாய்," என்றார் மாமு. "அந்தப் பிள்ளை முஸ்லிம் வீட்டுப் பிள்ளையாடா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் மாமு உங்ககிட்ட வர்றேன்?"

நான் சாரிடம் திரும்பினேன். "இந்தச் சொல் டிக்கெட்டே எடுக்காம எல்லா ஸ்டாப்புலயும் ஏறி இறங்குது சார்."

"தமிழ் மட்டும் சும்மாவா இருக்கு?" என்றார் சார். "பழைய தமிழ்ல அவ்வைன்னா தாய். கிழவியும் அவ்வைதான். தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் ஒரு வீட்டுப் பங்காளிங்க, பாஷா. சொத்துப் பிரிச்சப்ப ஒருத்தன் தாயை எடுத்துக்கிட்டான், ஒருத்தன் பாட்டியை எடுத்துக்கிட்டான். உங்க மாமு சொல்ற ஹவ்வா வேற குடும்பம், அரபு நாட்டுல இருந்து வந்தவ. முகஜாடை ஒண்ணா இருக்கு, ஆனா ரத்த சம்பந்தம் கிடையாது."

"அப்ப நம்ம பிள்ளை?"

"அதான் தெரியல." சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு சொல்லை வெச்சு கங்கப்பன் ஒரு பொம்பளையை உள்ள தள்றாரு. அது தப்பு. அதே சொல்லை வெச்சு நான் அவகிட்ட பிள்ளையைக் கொடுத்தா அதுவும் தப்பு. பிள்ளை பிடிக்கிறவளா இருந்துட்டா நாம எந்த முகத்தோட சிஸ்டரைப் பாக்கறது?"

காணாமல் போன கிளி கிடைக்காவிட்டால் இன்னொரு கிளி வாங்கலாம்.

துக்கமோ சந்தோஷமோ, வேர்க்கடலை வண்டியைத் தாண்டிப் போக சிங்கராயர் சாரால் முடியாது. அன்றும் கால் தானாக அங்கே போனது. கடலைக்காரர் ஆள் சேர்ப்பதற்காக இரும்புச் சட்டியைக் கரண்டியால் டங் டங் டங் என்று ஓங்கித் தட்டினார்.

"யோவ் யோவ்! நிறுத்துய்யா!" என்று ஒரு குரல். தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டி போகிற பஸ்ஸின் கண்டக்டர் யேசுராஜ் ஓடி வந்தார். எங்கள் தெருக்காரர்தான். "என் பஸ்ல காட்டுப் பக்கத்துப் பிள்ளைங்க இருக்குதுய்யா. நீ தட்டுனா மேல ஏறிக்கும். அப்புறம் அதுங்களை யாரு இறக்கறது?"

சாரின் கை கடலைப் பொட்டலத்துக்குப் பாதி வழியில் நின்றது.

"மேலன்னா எங்க யேசுராஜ்?"

"எங்க வேணா சார். ஏணி கிடைச்சா பஸ் கூரை. போன வாரம் ஒண்ணு டிரைவர் சீட்டு மேல ஏறி அவரு தோள்ல உக்காந்துக்கிச்சு." யேசுராஜ் சிரித்தார். "நாட்றாம்பாளையம் பக்கம் காட்டை ஒட்டின கொல்லைங்க. ராகி முத்தற மாசம் பாருங்க, ஆனை இறங்கும். குடும்பமே கொல்லையில காவல் படுக்கும். தகரத்தைத் தட்டுற சத்தம் கேட்டா பிள்ளைங்க அந்த நிமிஷமே மரத்துப் பரண்ல ஏறிடணும், வாயைப் பொத்திக்கணும். நடக்கத் தெரிஞ்சதும் முதல்ல அதைத்தான் பழக்குவாங்க. அதனால நான் அந்த ரூட்ல பஸ்ஸைத் தட்டி ரைட் சொல்றதே இல்ல. விசில்தான்."

எங்கள் முன்னால் கிருஷ்ணகிரி பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் முதுகில் கூரைக்குப் போகும் இரும்பு ஏணி. கடலை வண்டியிலிருந்து அந்த ஏணிக்கு ஒரு பிள்ளை ஓடுகிற தூரம்தான். சார் ஏணியைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கும் பீரோ ஞாபகம் வந்தது.

"யாரும் ஏத்தல பாஷா. அதுவா ஏறியிருக்கு. ஏறின கையோட பஸ் கிளம்பிடுச்சு."

வாங்கிய கடலையை அவர் சாப்பிடவே இல்லை. என் கையில் திணித்துவிட்டு லாம்பியை உதைத்தார்.

போகிற வழியில் காற்றுக்கு மேலே கத்திக் கேட்டேன். "அப்ப நஞ்சம்மா?"

"பொய்க்காரி! பிள்ளை காட்டுப் பிள்ளை. மூக்கண்டப்பள்ளியில எந்த ஆனைக்கு எவன் தகரம் தட்றான்? அங்கியே பொறந்து வளந்ததுன்னு சொன்னா பாரு, அங்கதான் மாட்டிக்கிட்டா. கங்கப்பன் காரணம் தப்பா சொன்னாலும் ஆளை சரியாத்தான் பிடிச்சிருக்காரு."

"பொய் சொன்னா பிள்ளை அவளுது இல்லைன்னு ஆயிடுமா சார்? பொய் சொல்ல வேற காரணமே இருக்காதா?"

"சோதிச்சுப் பாத்துடலாம். தண்டவாளத்தைத் தட்டச் சொல்றேன். பிள்ளை ஏறும். நிஜமான காட்டுக்காரியா இருந்தா அது ஏன்னு தெரியும். தெரியாதவ மரம் மாதிரி நிப்பா. அதை கங்கப்பன் கண்ணால பாக்கட்டும்."

ஜெயிக்கப் போகும் ஆளின் குரல் அது. அந்தக் குரலைக் கேட்டால் எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொள்ளும். அன்றும் தொற்றிக்கொண்டது, அதை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

கங்கப்பன் கோர்ட்டுக்குப் போகும் வழியில் ஜீப்பை இல்லத்தில் நிறுத்தச் சம்மதித்தார். சார் ஆயாவை வேப்பமரத்தடியில் நிறுத்தினார். கூடத்தில் சிஸ்டர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். பெண் போலீஸ் நஞ்சம்மாவை வாசல்படி வரை கூட்டி வந்தாள். அவள் ஒரு காலை உள்ளே வைத்ததும் சார் கையைத் தூக்கினார்.

ஆயா தண்டவாளத்தை அடித்தாள்.

பிள்ளை சிஸ்டரின் மடியிலிருந்து துள்ளி எழுந்தது. ஆனால் அது பீரோவை எட்டவில்லை. அதற்கு முன்பே நஞ்சம்மா பெண் போலீஸின் கையை உதறிக்கொண்டு பாய்ந்துவிட்டாள். பிள்ளையை அக்குளில் கைகொடுத்து வாரி பீரோ உச்சியில் ஏற்றினாள். பிள்ளையின் கையை எடுத்து அதன் வாய் மேல் வைத்து அழுத்தினாள். திரும்பி, பீரோவுக்குத் தன் முதுகைக் கொடுத்து நின்றாள். பெஞ்சின் மேலிருந்த சாப்பாட்டுத் தட்டுகளில் இரண்டை உருவி ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு, "ஹோய்! ஹோய்! ஹோய்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கங்கப்பன் இரண்டடி பின்னால் போனார். போலீஸ்காரர் பின்வாங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆயா பயந்து நிறுத்திவிட்டாள். தட்டுகளின் சத்தமும் நின்றது. நஞ்சம்மா மூச்சு வாங்க எங்களைப் பார்த்தாள். தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தட்டுகளை மெதுவாகப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

சிஸ்டர் சிலுவைக்குறி போட்டு அழுதார். சாரின் கணக்குத் தலைகீழாகிவிட்டது, ஆனாலும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நான்தான் தப்பு கங்கப்பன்," என்றார். "இது பாட்டியும் பேத்தியும்தான். இதுக்கு மேல சாட்சி வேணுமா? அவ்வாவோ அஜ்ஜியோ, அந்தப் பிள்ளைக்கு எல்லாமே இந்தம்மாதான்."

கங்கப்பன் நஞ்சம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கன்னடத்தில் இல்லாமல், எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே கேட்டார்.

"ஆனை விரட்டிப் பழகின கை இது. எந்தப் பக்கம்? அஞ்செட்டியா, நாட்றாம்பாளையமா?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சென்னப்பன் உனக்கு என்ன வேணும்?"

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு சென்னப்பன்?" என்றார் சார். அவருடைய நிம்மதி பாதி போயிருந்தது.

"நாட்றாம்பாளையத்துக்கு மேல கொம்பன் ஆனையைச் சுட்டு, தந்தத்தை அறுத்துட்டு ஓடினவன். ஃபாரஸ்ட்டும் நாங்களும் சேர்ந்து தேடறோம். வீட்டுல ஆளில்ல, அவன் ஆத்தாளும் மகளும் காணோம்னு தகவல் வந்திருக்கு."

"தந்தத்துக்குச் சுடல சாமி," என்றாள் நஞ்சம்மா. குரல் தரையைப் பார்த்தே வந்தது. "பரண் மேல இந்தப் பிள்ளை இருந்துச்சு. ஆனை பரண் காலை முட்டிச்சு. மரம் ஆடிச்சு. மகன் கையில துப்பாக்கி இருந்துச்சு, சுட்டுட்டான். காலையில போயி பாத்தா தந்தம் இல்ல. எவன் அறுத்தான்னு எங்களுக்குத் தெரியாது. பிள்ளையைக் காப்பாத்தத்தான் சாமி சுட்டான்."

அதனால்தான் அவள் ஊர்ப் பெயரை மறைத்தாள். ஊரைச் சொன்னால் பேத்தி கிடைப்பாள், மகன் போவான். இரண்டு பேரையும் காப்பாற்ற அந்தப் பொம்பளை லாக்கப்பில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு பொய்யைக் கட்டிப் பிடித்திருக்கிறாள். நாங்கள் லாம்பியில் போய் வந்து அதைப் பிடுங்கிப் போட்டோம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இருபது வருஷமாகத் துப்பறிகிற மனுஷனுக்கு நாக்கு சும்மா இருக்குமா? முடிச்சு ஒன்று மிச்சமிருந்தால் அதை அவிழ்த்துத்தான் ஆகவேண்டும்.

"இந்த ஊரையெல்லாம் பாக்காதவங்க ஓசூருக்கு எதுக்கு வந்தீங்கம்மா?" என்று கேட்டார் சார். "பொய் சொல்றதுன்னா எத்தனையோ ஊர் இருக்கு. மூக்கண்டப்பள்ளி, தண்ணி டேங்க் பக்கம் லைன் வீடுன்னு அவ்ளோ சரியா எப்படி..."

பாதியில் நிறுத்திவிட்டார். நஞ்சம்மா தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை அது. பொய் சொல்லிப் பழகாதவள், பொய்க்கென்று ஒரு ஊர் கேட்டபோது, தனக்குத் தெரிந்த ஒரே விலாசத்தைச் சொல்லியிருக்கிறாள். மகனைப் பார்க்க பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த விலாசம்.

சார் நிறுத்தியதை கங்கப்பன் முடித்துவிட்டார், மனசுக்குள். முகத்தைப் பார்த்தே தெரிந்தது. எங்கள் ஆபீஸிலிருந்து அந்தத் தண்ணி டேங்க் தெரியும். ஃபேக்டரி வேலைக்கென்று தினமும் எங்கெங்கிருந்தோ வந்து இறங்குகிற நூறு பேரில் ஒருத்தனாக சென்னப்பனும் எங்கள் சைக்கிள் கடையில் காற்றடித்துக்கொண்டு போயிருப்பான்.

"பொம்பளை பேரைச் சொல்லி விசாரிச்சோம், அதான் ஒருத்தருக்கும் தெரியல," என்றார் கங்கப்பன் தனக்குத்தானே. பிறகு டிரைவரைக் கூப்பிட்டார். "வண்டியை எடு. ஓசூர் ரோடு."

"கங்கப்பன், ஒரு நிமிஷம்..." என்றார் சார்.

"இனிமே என்ன சிங்கராயரே? நீங்க உங்க வேலையைச் செஞ்சீங்க." அவர் நஞ்சம்மாவின் பக்கம் பார்க்காமலே தொப்பியை மாட்டினார். "பிள்ளை உன்னுதுதான். நீ இங்கியே இரு. காலையில சிஸ்டர் கையெழுத்து வாங்கிட்டுக் கொடுப்பாங்க, கூட்டிக்கினு போ. மெட்ராஸெல்லாம் வேணாம்."

அவர் போய்விட்டார். பெண் போலீஸும் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

சிங்கராயர் சார் ஜெயித்த கேஸ் அது. அவர் தலையில் கை வைத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு நாலு பாஷை தெரியும், நாலிலும் நக்கலாகப் பேச வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அவர் மேல் கோபமாக இருந்தது, என் மேலும் கோபமாக இருந்தது, அழுகையும் வந்தது.

பிள்ளை இன்னும் பீரோ மேலேயே இருந்தது. வாய் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. சிஸ்டர் கையை நீட்டினார், அது பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. சார் எழுந்துபோய்க் கூப்பிட்டார், அவரைப் பார்க்கவே இல்லை. கண்ணெல்லாம் பாட்டி மேலேயே இருந்தது.

நஞ்சம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். உடனே பிள்ளையிடம் போகவில்லை. தலையைச் சாய்த்து வெளியே கேட்டாள். ஜீப் இல்லத்து கேட்டைத் தாண்டி, மேட்டில் கியர் மாற்றி, ஓசூர் ரோட்டில் திரும்புகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகிறவரை அவள் அசையாமல் நின்றாள்.

பிறகு பீரோவிடம் போய் இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

"ஹோய்த்து கண்ணு," என்றாள் கன்னடத்தில். "போயிடுச்சு. இறங்கு."

பிள்ளை வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, பயமெல்லாம் விட்டு, அவள் கைக்குள் இறங்கியது.